சராசரிக்கு மேல் என்றால், யாருக்கு மேல்?

(கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கூடிய தோட்டக் கிளைச் செயலாளர்கள், சிப்பந்திகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடிகாலையில் பஸ் ஏறி, கீழே கடைத்தெருவில் சேலை விலையும் பூ விலையும் விசாரித்துவிட்டு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். காக்க வைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று நாம் பேசப் போவது ஒரு படிவத்தைப் பற்றி.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்தில் நிர்வாகம் அந்தப் படிவத்தைக் கொடுத்தது. தொழிலாளர்கள் வேலையில் எவ்வளவு மனம் ஒன்றியிருக்கிறார்கள் என்று அறியும் கணிப்பாம். “வேலைக்கு வேண்டிய சாமான்கள் உங்களுக்குக் கிடைக்கின்றனவா?”, “உங்கள் மேலாளர் உங்கள் மேல் அக்கறை காட்டுகிறாரா?” என்று வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்: நமது தோட்டத்தின் மதிப்பெண் தொழில்துறைச் சராசரிக்கு மேல் என்று.

நல்லதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு லாரி விவகாரம் வந்தது. மேற்குப் பக்கத்து நிரைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லாரிக்குப் படி கிடையாது. டயரில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். மழை பெய்த ஒரு காலையில் ஒரு தாயார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படியும் கைப்பிடியும் கேட்டுக் கிளைக் கமிட்டி நிர்வாகத்தைச் சந்தித்தது. மானேஜர் அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். “உங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்களே, வெளியே இருப்பதைவிட இங்கே மேல் என்று!” எங்களுக்கு வாய் அடைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி தோன்றியது. வெளியே என்றால் எங்கே? யாருக்கு மேல்?

தோழர்களே, வெளி அளவுகோல் வைத்துப் பார்ப்பதே சூழ்ச்சி என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. இந்தத் தெருவில் முதல் கடையிலேயே சேலை வாங்கிவிடுகிறவர் உங்களில் யார்? விலை கொள்ளையா, மலிவா என்று அடுத்த கடையில் கேட்டால்தானே தெரியும்? நகைக்கடைக்காரர் பொன்னைக் கல்லில் உரைத்துப் பார்ப்பதும் தெரிந்த மாற்றோடு ஒப்பிடத்தான். தனியே நிற்கும் எண்ணுக்கு நாக்கு இல்லை.

அதிலும் இந்தக் கணிப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. கேள்விக்குக் கேள்வி மட்டம் வேறு. சம்பளம் போதுமா என்று கேட்டால் உலகில் எந்த மூலையிலும் முழு மார்க்கு போடுபவர் குறைவு. பாங்கு அதிகாரியும் குறைத்துத்தான் போடுவார். கையுறை கொடுக்கிறார்களா, காலணி கொடுக்கிறார்களா என்றால் ஓரளவு கொடுக்கிற இடத்தில்கூட ஆம் என்றுதான் போடுவார்கள். ஆகவே நம் தோட்டத்தில் சம்பளத்துக்கு 100-க்கு 45, பாதுகாப்புக்கு 70 என்று வந்தால், கோளாறு சம்பளத்தில்தான் என்று நாமே ஓடிவிடக் கூடாது. வெளியே சம்பளத்துக்கு 40-உம் பாதுகாப்புக்கு 85-உம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (உதாரணத்துக்குச் சொன்ன எண்கள்தான்.) அப்போது தீப்பற்றி எரியும் இடம் எது? பாதுகாப்பு! லாரிப் படி! வெளி அளவுகோலைச் சரியாகப் பிடித்திருந்தால் அன்று அந்தத் தாள் நம் பக்கம் பேசியிருக்கும். எல்லாக் கேள்விகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கி ஒட்டியதால் அது மறைந்துபோனது.

அளவுகோலை எப்படிப் பிடிப்பது? இதற்கு நாம் பெரிய புத்தகம் தேட வேண்டாம். பால் ஸ்டோருக்குப் போனால் போதும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு வாளி பால் கொண்டு வருகிறார்கள். ஒருவர் பால் கெட்டி. இன்னொருவர் மங்குகளில் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. வாளியைப் பார்த்தா கணக்கு எழுதுகிறோம்? மெட்ரோலாக்கை மிதக்கவிட்டோ, மாதிரி எடுத்து உறையவைத்துக் காயவைத்து நிறுத்தோ, உலர்ந்த ரப்பர் 100-க்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். 30-உம் வரும், 40-உம் வரும். அதைப் பார்க்காமல் வாளிக்கு வாளி ஒப்பிட்டால் பால் வெட்டுகிறவர் சும்மா விடுவாரா?

கணிப்பு மார்க்கும் வாளிப் பால்தான். அதில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்து வாளியில் தண்ணீர் ஊற்றியவர் யார் தெரியுமா? நாங்களேதான், கிராணிகள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தது. பிரட்டுக் களத்தில் மேஜை போட்டு, நாங்கள் கேள்வியைத் தமிழில் சொல்ல, ஆட்கள் வரிசையில் வந்து பதில் சொன்னார்கள். ஒரு பெரியம்மா, “எனக்கு என்னாங்கய்யா தெரியும், நீங்களே பாத்துப் போடுங்க” என்றார். நாங்கள் நாலு போட்டோம். செக்ரோலில் பெயர் எழுதுகிற கிராணியின் முகத்துக்கு நேரே, மேலாளர் அக்கறை காட்டவில்லை என்று எவர் சொல்லுவார்? அதே கேள்விக்கு நகரத்து ஆபீசில் ஒருவர் தனியாக உட்கார்ந்து, பெயர் போடாமல் பதில் எழுதியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாம் மேல் என்றால், அது மழைத் தண்ணீருக்கு விலை வாங்கிய கதை.

கேள்வியின் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் சில 1971-இல் மேஃப்ளவர் குழு என்று ஒன்று அமைத்துக்கொண்டன. தங்கள் கணிப்பு எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்து ஒப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பொதுக் கேள்விகளை எல்லாரும் ஒரே வாசகத்தில் கேட்க வேண்டும் என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. எங்களிடம் நடந்ததோ வேறு. “உங்கள் மேலாளர்” என்று நாங்கள் சொன்னதும் சிலர் துரையை நினைத்தார்கள். அவரை மாதம் ஒருமுறை தூரத்தில் பார்ப்பார்கள், அவர்மேல் கோபம் இல்லை. சிலர் தினமும் ஏசுகிற மண்டோரை நினைத்தார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு ஆளைப் பற்றிய பதில்!

இனி, அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி. அது நம் தாத்தாமார் ரத்தத்தில் எழுதிய கேள்வி.

1930-களின் நெருக்கடியில் தோட்டக் கூலியை வெட்டினார்கள். 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று எழுதினார். அந்தக் காலத்தில் முதலாளி தரப்பு கையில் வைத்திருந்த அளவுகோல் எது? தமிழ்நாட்டுக் கிராமத்துக் கூலி. ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம்தானே என்பது அவர்கள் வாதம். கணக்கில் பொய் இல்லை. ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது தொழிலாளர் வேறொரு அளவுகோலை நீட்டினார்கள்: அதே கித்தா மரத்தை வெட்டும் சீனத் தொழிலாளி. அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்றார்கள். ஒரே கூலி, ஊரோடு ஒப்பிட்டால் மேல், பக்கத்து நிரையோடு ஒப்பிட்டால் கீழ். அதற்குப் பதிலாகப் பட்டாளம் வந்தது. மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்தார்கள். முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். உயிர்களும் போயின.

அந்தக் கோரிக்கைகளில் சம்பளம் ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுதல், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துதல், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல், சங்கம் அமைக்கும் உரிமை என்று ஏறத்தாழ ஒரு டஜன். இன்று உலகமெங்கும் கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்தும் கேலப் படிவத்திலும் 12 கேள்விகள்! கிள்ளான் பட்டியலை நாம் ஒரு மனநிலைக் கணிப்பாகவே படிக்கலாம். மேஜை போடாமல், 1 முதல் 5 வரை எண் இல்லாமல் எடுத்த கணிப்பு. கொடுமைக்கார சிப்பந்திகளை நீக்கு என்பதும் அதில் ஒன்று. கிராணி வர்க்கத்தைச் சேர்ந்த நாங்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அந்தப் பழைய அளவுகோல் செத்துவிட்டதா? இன்று நம் பக்கத்தில் பால் வெட்டுகிறவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். கடன் வாங்கி வந்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர். அவர் தம் ஊர்க் கூலியை மனத்தில் வைத்து 5 போடுகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர், நகரத்துத் தொழிற்சாலையில் இருக்கும் தம் பிள்ளையின் சம்பளத்தை மனத்தில் வைத்து 2 போடுகிறார். இரண்டையும் கூட்டி வகுத்து மூன்றரை என்கிறார்கள். அந்த மூன்றரை யாருடைய மனம்? அவர்மேல் நமக்குக் கோபம் வேண்டாம். நம் தாத்தாவும் அப்படித்தான் 5 போட்டிருப்பார், கேட்டிருந்தால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சராசரியே பள்ளத்தில் கிடந்தால் அதற்கு மேல் நிற்பதில் என்ன பெருமை? கேலப் கணக்குப்படி 2023-இல் உலகத் தொழிலாளரில் 100-க்கு 23 பேர்தான் வேலையில் மனம் ஒன்றியவர்கள். 2024-இல் அது 21-க்கு இறங்கியது. ஒரு தோட்டம் 30 வாங்கிவிட்டு உலகத்துக்கே மேல் என்று கொடி ஏற்றலாம். மீதி 70 பேர் எங்கே போனார்கள்? ஜப்பானில் அந்த எண் 10-க்கும் கீழ். அங்கே தாராளமாக எண் போடும் பழக்கமே குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். எனவே நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சட்டம் சொல்லும் 1,700 ரிங்கிட்டை, 2025 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்ததை, கொடுத்துவிட்டுச் சந்தை அளவுக்குக் கொடுக்கிறோம் என்பவர்களும் உண்டு. அது தரை. தரையில் நிற்பதை உயரம் என்று சொல்லக் கூடாது.

அடுத்த படிவம் விரைவில் வருகிறது. சென்ற முறைபோல் வாய் அடைத்து நிற்க முடியாது. சராசரி என்றால் எத்தனை தோட்டங்கள், எந்த ஆண்டு, அவற்றில் ரப்பர் எத்தனை, செம்பனை எத்தனை, ஆபீஸ்காரர்களும் அதில் சேர்த்தியா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். கேள்விக்குக் கேள்வி எண் வேண்டும், மொத்த எண் வேண்டாம். நம்மவர், வெளிநாட்டவர், ஆண், பெண் என்று பிரித்துத் தரவேண்டும். ஆனால் ஐந்தாறு பேர் மட்டும் உள்ள பிரிவைத் தனியே காட்டினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை வேண்டாம் என்று நாமே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்ற ஆண்டு நம் எண் என்ன, இந்த ஆண்டு என்ன? அந்த ஒப்பீட்டில் யாரும் தண்ணீர் கலக்க முடியாது, இரண்டு முறையும் ஒரே மாதிரி எடுத்திருந்தால்.

பிரட்டுக் களத்து மேஜைக்குக் கிராணிகள் இனி உட்கார மாட்டோம். படிவம் தமிழிலும், வங்காளியிலும், இந்தோனேசியருக்குப் புரியும் மலாயிலும் அச்சாக வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அவரவர் பிள்ளைகள் வீட்டில் வாசித்துக் காட்டட்டும். பூட்டிய பெட்டியில் போடட்டும். பெட்டிக்கு இரண்டு சாவி: ஒன்று ஆபீசில், ஒன்று கிளைச் செயலாளரிடம். இதைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறோம். முன்மொழிய ஒருவர் வேண்டும். அந்த லாரியில் ஏறும் தாய்மார்களில் ஒருவர் எழுந்தால் நல்லது.