சிப்பாடான் கடலடியில்



எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த ஒரு பையன் இன்று சபா மாநிலத்தின் செம்பூர்ணாவில், கடலில் முக்குளிக்க வருவோருக்கு வழிகாட்டியாக வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்து அவன் திரும்பிச் சென்ற மறுவாரம், பால்மரம் வெட்டும் அவன் தாயார் பள்ளி வாசலில் எங்களை நிறுத்தினார்.

"ஐயா, தண்ணிக்குள்ள முக்கா மணி நேரம் இருக்கேன்னு சொல்றான். மூச்சு எங்கேருந்து வருது? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லைங்க."

அந்தத் தாயாருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

முக்குளிப்பவர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் தோம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு வேண்டிய அழுத்தத்தில் காற்றை விடும் கருவி ஒன்று வாயில் இருக்கும். இப்படிப்பட்ட கருவியை 1943-இல் பிரான்சில் உருவாக்கியவர்கள் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும்.

மூச்சு கிடைத்துவிடுகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பத்து மீட்டர், அதாவது ஒரு தென்னை மர உயரத்துக்குக் கீழே இறங்கினால், நம்மீது அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அங்கே ஒரு பலூனை ஊதி முடிச்சுப் போட்டு மேலே விட்டால், நீர்மட்டத்துக்கு வருவதற்குள் அது இரண்டு மடங்கு பெருத்துவிடும். நம் நுரையீரலும் அந்தப் பலூன் போலத்தான். ஆகவே, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறவே கூடாது. குளத்தில் முங்கும் பிள்ளைகள் மூச்சை அடக்குவார்கள். இங்கே அந்தப் பழக்கம் உயிரையே வாங்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆழத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா போத்தலைத் திறந்ததும் பொங்குவதுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பும். கை கால் முடங்கிப் போனவர்களும் உண்டு. அதனால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல் மெதுவாக வந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, பிறகே வெளியே வர வேண்டும் என்று கற்பிக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டு அங்கே எதைப் பார்க்கிறார்கள்?

செம்பூர்ணாவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரத்தில் சிப்பாடான் தீவு இருக்கிறது. சுற்றி நடக்க அதிக நேரம் பிடிக்காத சின்னத் தீவு. கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண்போல எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து சில அடி நடந்தாலே பவளப்பாறை முடிந்து, கிடுகிடு பள்ளம். அந்தச் சுவரையொட்டி நீரோட்டம் பாய்கிறது. அங்கேதான் சீலா மீன்கள் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் கூடி, சூறாவளிபோல வட்டமிடுகின்றன. பாரை மீன்களும் அப்படியே. பகலெல்லாம் கூடி நிற்கும் பாரைகள், இருட்டியதும் பிரிந்து இரை தேடப் போகும்.

நம் பெரட்டுக் களத்தில் மண்டோர் குரல் கொடுத்தால்தான் வரிசை வரும். இந்த மீன்களுக்கு மண்டோரே கிடையாது! ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனைக் கண்ணால் பார்க்கிறது. விலாவில் வரிசையாக உள்ள நுண்துளைகளால் நீரின் அசைவையும் உணர்கிறது. ஒன்று திரும்பினால் அடுத்தது திரும்பும். பாய்ந்து வரும் சுறாவுக்கு, இத்தனையில் எதைப் பிடிப்பது என்று தடுமாற்றம். தனி மீனாக இருந்தால் அன்றே அதன் கதை முடிந்திருக்கும்.

இதே கூஸ்தோ குழுவினர் எடுத்து 1989-இல் வெளிவந்த படம் ஒன்று சிப்பாடானை உலகறியச் செய்தது. கூட்டம் பெருகியது, தீவிலேயே விடுதிகள் எழுந்தன. 2002-இல் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் தீவு மலேசியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2004 முடிவதற்குள் விடுதிகள் யாவும் அகற்றப்பட்டன. லயத்தைக் காலி செய்வது என்றால் என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேலை செய்தவர்களுக்கும் அது எளிதாக இருந்திராது. ஆனாலும் பவளத்துக்கு அது வேண்டியிருந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். அதன்பின் சுற்றுப்பயணிகள் யாரும் அங்கே தங்குவதில்லை. படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். பல ஆண்டுகள் நாளொன்றுக்கு 120 பேர்தான் என்ற கணக்கு இருந்தது.

எல்லாவற்றையும் கேட்ட தாயார், "அந்தச் சீலாவுல ரெண்டு கொண்டாந்தா குழம்பு வைக்கலாமே?" என்றார். அங்கே தூண்டில் போடவே தடை என்றதும் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இப்போதெல்லாம் மகன் தொலைபேசியில் கூப்பிட்டால், "சாப்பிட்டியாப்பா?" என்பதற்கு அடுத்தபடியாக, "மேல வரும்போது மூணு நிமிஷம் நின்னியா?" என்று கேட்கிறாராம்.