விடு என்னும் வினை



1989இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்றது 'செட்' என்னும் சிறிய வினைச்சொல். ஒரு சொல்லுக்கு இத்துணைப் பொருளா என்று வியப்போர் நம் 'விடு' என்னும் வினையை எண்ணிப் பார்க்கலாம்.

நாற்று விடுகிறோம், விதை முளை விடுகிறது, தென்னை பாளை விடுகிறது. மூச்சு விடுகிறோம், தூது விடுகிறோம், பட்டம் விடுகிறோம். சிலர் கதையும் விடுகின்றனர். (இவ்வவையில் அத்தகையோர் இலர் என நம்புகிறேன்.) விடுப்பு, விடுதி, விடுகதை, விடுதலை யாவும் இதன் வழிவந்தவை. முதலெழுத்து நீண்டால் 'வீடு'. பற்றோடு வாழும் மனைக்கும் பற்று விட்ட பேற்றுக்கும் அதுவே பெயர். 'அதைவிட' என்னும் ஒப்பீட்டிலும் 'இல்லாவிட்டால்' என்னும் நிபந்தனையிலும் இவ்வினையே மறைந்திருக்கிறது.

ஆயினும் இன்று நான் பேச விழைவது இது துணைவினையாக நிற்கும் இடத்தைப் பற்றியே. 'வந்தது' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. பின்னது, செயல் முற்றியது என்னும் உறுதியைத் தருவது. கடைமடையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் சூன் 12. அன்று 'தண்ணீர் விட்டாச்சு' என்போம். அந்நீர் கல்லணையில் பிரிந்து, நாம் புதாறு எனும் கல்லணைக் கால்வாய் வழியே வந்து, நம் வாய்க்கால் மதகில் தென்படும்வரை எவரும் 'வந்துவிட்டது' என்னார். முதற்சொல்லை நம்பி நாற்று விட்டு, இரண்டாம் சொல் வருமுன் நாற்று முற்றிப்போகக் கண்டவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு.

நம் கவிதைகளிலோ நிலவு வந்துவிட்டது, பூ மலர்ந்துவிட்டது, மாலை மயங்கிவிட்டது. ஓசை குறைந்த இடத்தை அடைக்கும் வைக்கோற்புரியாக இச்சொல் ஆகலாமா? நீக்கிப் பாருங்கள், பொருள் குறையவில்லையெனில் அங்கு அதற்கு வேலையில்லை.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசியபின் எழுதப்பட்ட கவிதைகள் பலவற்றில் தென்னைகள் 'விழுந்தன'. தோப்புக்காரர்களோ 'விழுந்துவிட்டன' என்றார்கள். முன்னது காட்சி. பின்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னங்கன்று விரைவில் குருத்து விடும். அது பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும்.