பொம்மை வெளியே போக வேண்டும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சிட்டு பொம்மை மெஷின் நடத்துறியாமே?" என்று காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், அதைத்தான் நடத்துகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் மால்களில் கிளா மெஷின்களும் வீடியோ கேம்களும் வைத்திருக்கிறேன். அதில் லாபம் எப்படி வருகிறது என்று பேசச் சொன்னார் செயலாளர்.

என் செட்டுக்காரர்களுக்கு ‘முஸ்தபா’ கேம் ஞாபகம் இருக்கும். 1993-இல் வந்தது, அசல் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அந்தப் பெயரை நம்மில் யாரும் சொன்னதில்லை. கைதேர்ந்தவன் ஒருத்தன் ஒரே காசில் முக்கால் மணி நேரம் ஆடுவான், கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கிளா மெஷினில் நிலைமை தலைகீழ். அங்கே சாவி கடைக்காரர் கையில்.

எப்படி என்று சொல்கிறேன். மேலே இருக்கும் கிளாவுக்குள் ஒரு காயில். அதில் மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் மூடும். மின்னழுத்தம் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தளரும். இப்போது வருகிற பெரும்பாலான மெஷின்களில் இரண்டு அளவு வைக்கலாம். கீழே எடுக்கும்போது ஒன்று, மேலே வந்தபின் ஒன்று. "வந்திருச்சு, வந்திருச்சு" என்று பிள்ளை கத்தும்போது பாதி வழியில் நழுவுகிறதே, அது இந்த இரண்டாவது அளவு செய்கிற வேலை. இதற்கும் மேலே, இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப் பிடி என்று எண்ணும் கொடுக்கலாம். கதவைத் திறந்து பட்டனை அமுக்கினால் இரண்டு நிமிஷ வேலை.

இந்த எண்ணை எவ்வளவு வைப்பது? என் தொழில் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

ஓர் ஆட்டம் 40 ரூபாய், பொம்மையின் அடக்கம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆட்டத்துக்கு ஒரு பொம்மை போனால் வசூல் 600, பொம்மைச் செலவு அதில் கால் பங்கு. மீதியில் வரி, மாலின் பங்கு, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் போய் நமக்கும் கொஞ்சம் நிற்கும். எண்ணை 30 ஆக்கினால்? வசூல் 1,200, பொம்மைச் செலவு எட்டில் ஒரு பங்கு. காகிதத்தில் அமோகம்! என் பங்குதாரரே இதைச் சொன்னார். "மாப்ளே, பட்டனைத் தட்டு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

இரண்டு மெஷினை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் 15, ஒன்றில் 30. ஒரே தளம், ஒரே பொம்மை. முதல் வாரம் 30 ஜெயித்தது. மூன்றாம் வாரம் அதன் பக்கம் ஆளே இல்லை. காரணம் சாதாரணம். கையில் பெரிய கரடியோடு ஒரு பிள்ளை மால் முழுக்க நடந்தால், அதைப் பார்க்கிற பத்துப் பிள்ளைகள் "எங்கே கிடைச்சுது?" என்று அப்பாவை இழுத்துக்கொண்டு வரும். அதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது. பங்குதாரர் அதன்பின் பட்டனைப் பற்றிப் பேசவில்லை.

கணக்கு மட்டும் அல்ல, சட்டமும் இருக்கிறது. தம்பிகள் கவனிக்கணும். அமெரிக்காவில் 1951-இல் வந்த சட்டம் இந்த மெஷின்களைச் சூதாட்டக் கருவிகளோடு சேர்த்துவிட்டது. ஜப்பானில் செகா கம்பெனி 1985-இல் ‘யூஎஃப்ஓ கேட்சர்’ கொண்டுவந்தது. அங்கே பரிசின் மதிப்புக்கே உச்சவரம்பு உண்டு. 800 யென்னாக இருந்ததை 2022-இல் 1,000 யென் ஆக்கினார்கள். நம் நாட்டில், வீடியோ கேம் நிலையங்களுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு செல்லும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று மறு வருஷமே குதிரைப் பந்தய வழக்கில் சொன்னது. சரி, முப்பதாவது ஆட்டத்தில் மட்டும்தான் பிடிக்கும் என்று நான் பூட்டி வைத்தால், ஆடுகிற பிள்ளையின் திறமைக்கு அங்கே என்ன வேலை? அதனால் என் மெஷின்களில் மேலே வந்தபின்னும் பிடியைக் குறைப்பதில்லை. சரியாகக் குறிவைத்தால் வரும். பொம்மைகளையும் அமுக்கி அடுக்க விடுவதில்லை. நெருக்கி அடைத்தால் எந்தக் கிளாவாலும் தூக்க முடியாது. எண்ணைத் தொடாமலே ஏமாற்ற அது ஒரு வழி.

பொம்மை வாங்குவது தனிப் பாடு. இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. முத்திரை இல்லாத சரக்கு சல்லிசாக வரும், தையல் பிரிந்து பஞ்சு வெளியே வரும், கண் கழன்று பிள்ளை வாயில் போகும். வேண்டவே வேண்டாம்.

மாலோடு ஒப்பந்தம் போடும்போது ‘குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை’ என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள். மே மாதம் கூட்டம் அலைமோதும், ஜூனில் ஈ ஓட்டுவோம், அந்தத் தொகை மட்டும் மாறாது. 2020 ஊரடங்கில் கதவு மூடிக் கிடந்த மாதத்துக்கும் ஓர் இடத்தில் கேட்டார்கள். அப்புறம், சனிக்கிழமை சாயந்திரம் மெஷின் நிற்கக் கூடாது. ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோ ஸ்விட்ச், கிளாவின் ஒயர் இரண்டும்தான் அடிக்கடி போகும். என் ஆட்கள் பாக்கெட்டிலேயே ஸ்பேர் வைத்திருப்பார்கள். நான்கு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நம்மை நிற்கவைத்தது அங்கே உதவுகிறது, சார்!

பேச்சு போதும். கேன்டீன் பக்கத்தில் ஒரு மெஷின் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். ஆடிப் பாருங்கள், பிறகு கதவைத் திறந்து செட்டிங் மெனுவைக் காட்டுகிறேன்.