அளவுகோலைத் திருப்பிப் பிடிப்போம்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒருத்தருடைய உடம்பை அளக்கிறதுல நம்ம அரசாங்கத்துக்கு அலுப்பே கிடையாது. முட்டி எவ்வளவு மடங்குது, கண்ணு எத்தனை வரி படிக்குது, எல்லாத்துக்கும் சதவீதம் உண்டு. 40 வந்தால் சலுகை. 39 என்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப மலையேற வேண்டியதுதான். 1995 சட்டத்திலும் இதே 40, 2016 சட்டத்திலும் இதே 40. ஊன வகை 7 என்றிருந்தது 21 ஆக விரிந்தது. அளவுகோல் மட்டும் அந்த உடம்பை விட்டு நகரவில்லை. ஆனால் சட்டமும் வாரியமும் குழுவும் என்ன செய்து கிழித்தன என்று அளக்க யார் கையிலும் கோல் இல்லை. அதைப் பற்றித்தான் பேசணும்.

தற்சார்பு வாழ்க்கை என்கிறார்கள். யார் உதவியும் இல்லாமல் தானே சட்டை மாட்டிக்கொள்வது என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, மாட்டிவிடுவது யார் என்பதைத் தானே முடிவு செய்வது அது. அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் போலியோவால் கைகால் அசைவை இழந்தவர், இரும்பு நுரையீரலுக்குள் படுத்து உறங்கியவர். அவரும் நண்பர்களும் 1972-இல் பெர்க்லியில் தொடங்கிய மையம் இந்த அர்த்தத்தில்தான் இயங்கியது. 1992-இல் அந்நாட்டுச் சட்டம் மாநிலந்தோறும் இதற்கென ஒரு கவுன்சில் வேண்டும், அதில் பாதிக்கு மேல் ஊனமுற்றோரே இருக்க வேண்டும் என்றது. நம்முடைய 2016 சட்டத்தில் மாநில ஆலோசனை வாரியம் உண்டு, மாவட்டக் குழு உண்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தத்தை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்லது. நாற்காலி வந்தாச்சு. உட்கார்ந்தவரால் என்ன மாறப்போகுது, அதை யார் சொல்வது?

நான் வங்கி குமாஸ்தா. எண்ணிக்கை படுத்தும் பாடு கொஞ்சம் தெரியும். 2014-இல் ஜன்தன் வந்தபோது எல்லாரும் கேட்டது, திறந்த கணக்கு எத்தனை? அந்தக் கணக்கில் ஒரு ரூபாயாவது நடமாடியதா என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. இங்கேயும் அதே கதை. முகாம் எத்தனை, அட்டை எத்தனை, மூன்று சக்கர வண்டி எத்தனை. போட்டோவில் வண்டி பளபளன்னு நிக்கும். அதை இந்த மலை ஏற்றத்தில் கையால சுத்திப் பாருங்க, தெரியும்.

இது நமக்குப் புதுசு இல்ல. 1923-இல் பம்பாய் சட்டசபையில் போலே தீர்மானம் நிறைவேறியது. 1924-இல் மகாத் நகராட்சியும் குளம் எல்லாருக்கும் பொது என்று எழுதிவைத்தது. காகிதத்தில் குளம் திறந்தே கிடந்தது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் நம் தொண்டையை எட்டவில்லை. குடித்த பிறகும் தீட்டுக் கழித்தார்கள், தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள், வழக்கு 1937 வரை இழுத்தது. ஆகவே விளைவு என்பது ஒருமுறை எண்ணிவிட்டு ரிஜிஸ்டரை மூடிவைக்கிற சமாச்சாரம் அல்ல.

மலைக்கு வருவோம். மலை ஒன்று, ஆனால் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. மூன்று கலெக்டர் ஆபீஸ், மூன்று பட்டியல். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் தாழ்த்தப்பட்டோரில் ஊனமுற்றோர் 2.45 சதவீதம், பழங்குடியினரில் 2.05, மற்றவர்களில் 2.18. பழங்குடிக்குத்தான் ஊனம் குறைவு என்று இதை வாசிப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படி வாசிக்க மனம் வரவில்லை. எண்ணுகிறவன் ஏறிப்போகாத ஊரில் எண் குறையத்தான் செய்யும். பிழைக்காத குழந்தை கணக்கில் வராது. 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தாள், வண்டி போகச் சாலை இல்லாததால். கால் நன்றாக இருப்பவர்களையே இந்தப் பாதை ஊனமாக்குகிறது. அப்படியிருக்க, சதவீதம் போடவேண்டியது பாதைக்கா, காலுக்கா?

அமெரிக்க மையங்களின் ஆண்டறிக்கையில் எனக்குப் பிடித்த ஒரு கட்டம் உண்டு: அந்த நபர் தனக்குத் தானே வைத்த இலக்கு எத்தனை, எட்டியது எத்தனை. அதிலும் தில்லுமுல்லு செய்யலாம், சின்ன இலக்கா எழுத வைச்சு எட்டியாச்சுன்னு காட்டலாம். இருந்தாலும் கேள்வி சரியான வாயிலிருந்து தொடங்குகிறது. நாம இதை இங்கே எப்படிக் கேட்பது? பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாய் ஆனது. வழங்கிய தொகை எவ்வளவு என்று அரசு சொல்லும். அந்த 2,000 யார் கையில் போகுது, அதில் அந்தப் பெண் தனக்கென்று ஒரு சோப்பாவது தானே பார்த்து வாங்கினாளா என்று நாம கேட்கணும். பெண் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டுக்குள்ளே ரேகை வைக்கிற கை ஒன்று, செலவழிக்கிற கை வேறொன்று.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மாணவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்க. சபை நடக்கிற இடத்துக்கு எத்தனை படி, காது கேளாதவருக்குச் சைகையில் சொல்ல ஆள் இருந்தாரா, நியமன உறுப்பினர் வந்திருந்தால் எதைக் கேட்டார், அது தீர்மான நோட்டில் ஏறியதா, அடுத்த சபைக்குள் என்ன ஆச்சு, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க. கேள்வியை ஊனமுற்றவரிடமே கேளுங்க. கூட வந்த அண்ணன் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் அப்படியே எழுதிக்கிங்க.