ஹார்விபட்டியில் தொடங்கும் உலகம்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் மதுரை அவனியாபுரத்தில் காலை பத்து மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வீட்டு வாசல்களில் பெண்கள் மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏற ஏறப் பூ வரத்து கூடும், விலை இறங்கும். ஆனால் கட்டுகிற கைகளுக்கு ஓய்வு இருக்காது.

போன வாரம் அப்படி ஒரு வாசலில் ஒரு மாணவி என்னை நிறுத்தினாள். பிளஸ் ஒன் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். ஜூன் பிறந்தால் பிளஸ் டூ, வரலாற்றுப் பிரிவு. அக்கம்பக்கத்து அக்கா ஒருத்தியிடம் வாங்கிய பிளஸ் டூ வரலாற்றுப் புத்தகம் மடியில் இருந்தது.

"சார், முதல் பாதி பரவாயில்ல. திலகர், காந்தி, வ.உ.சி. எல்லாம் கேள்விப்பட்ட பேரு. பத்தாவது பாடத்துல இருந்து ஒண்ணுமே ஓடல. ரோபஸ்பியருங்கிறாங்க, கரிபால்டிங்கிறாங்க, பிஸ்மார்க்குங்கிறாங்க. இவங்கள்லாம் யாரு சார்? இவங்களுக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா, "பெரியவங்ககிட்ட இப்படியா கேக்குறது?" என்று அதட்டினார். நான், "கேக்கட்டும்மா, சரியாத்தான் கேக்குறா" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே பாடத்தை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, அடுத்த மாதமே மறந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நானும் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவன்தான். அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்த குறை அது. அதனால் இந்தக் கோடை விடுமுறையில் இப்படி ஒரு மாணவி என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பிளஸ் டூ வரலாற்றுப் புத்தகத்தில் 15 பாடங்கள். முதல் ஒன்பதும் இந்தியா. பத்தாவதிலிருந்து உலகம். ஐரோப்பாவில் அறிவு விழித்த காலம், புரட்சிகள், இத்தாலியும் ஜெர்மனியும் ஒன்றான கதை, ஏகாதிபத்தியம், இரண்டு உலகப் போர்கள், அதற்குப் பிந்தைய உலகம். ஐந்நூறு ஆண்டு விஷயம் ஆறு பாடங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடங்களுக்கு வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிடும். அப்புறம் ஓட்டம்தான். கோடையில் கொஞ்சம் நடந்து பழகியவர்களுக்கு அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்காது.

அந்தப் பெண்ணிடம் நான் முதலில் கேட்டது: "தாயி, திருப்பரங்குன்றம் போற வழியில ஹார்விபட்டின்னு ஒரு ஊர் இருக்கே, அந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

அவள் யோசித்தாள். நூறு முறை பஸ்ஸில் கடந்த ஊர். பட்டி நம்முடையது. ஹார்வி யாருடையது?

ஹார்வி என்பது ஸ்காட்லாந்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரின் குடும்பப் பெயர். ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி. 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், 1890களில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலும் நூற்பாலை கட்டினார்கள். மதுரைக்காரர்கள் ஹார்வி மில் என்றே சொன்ன மதுரா மில் அதுதான். மில் தொழிலாளர்கள் குடியிருக்க எழுந்த ஊர் ஹார்விபட்டி.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து ஏன் இங்கே மில் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். சாத்தூர், கோவில்பட்டி, விருதுநகர் என்று தெற்கே விரிந்து கிடக்கிறது கரிசல் பூமி. அங்கே விளைந்த பருத்திக்கு இங்கிலாந்துச் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர். இங்கிலாந்தில் நீராவி எந்திரத்தோடு நூற்பாலைகள் பெருகியபோது அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து போனது. அதைப் பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுபோகப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்தது. லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு போகவில்லை, தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். ஆங்கிலேயர் இந்தியப் பக்கமும் எகிப்துப் பக்கமும் திரும்பினார்கள். இந்தியப் பருத்தி விலை எகிறியது. 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. அடுத்த பத்தாண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் வந்தது. பஞ்சு இருக்கிறது, ரயில் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறது. ஹார்விகள் வந்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. அவர்களின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-இல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் வ.உ.சி. இந்தப் பெண் "கேள்விப்பட்ட பேரு" என்று சொன்னாளே, அதே வ.உ.சி. புத்தகத்தின் இரண்டாவது பாடத்தில் இருக்கும் அவரும், பதினோராவது பாடத்தின் தொழிற்புரட்சியும் ஒரே பஞ்சு நூலில் கோத்தவை.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் பேசவில்லை. அவள் அம்மாதான், "எங்க சித்தப்பா அந்த மில்லுலதான் வேலை பாத்தாரு. நெஞ்செல்லாம் பஞ்சுன்னு இருமிக்கிட்டே இருப்பாரு" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் தொடாத ஒரு பக்கத்தை அவர் சொல்லிவிட்டுப் பூவைப் பார்க்கப் போய்விட்டார்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் இப்படி ஒரு பெயரை, ஒரு கட்டடத்தை, ஒரு பொருளைப் பிடியுங்கள். "இது ஏன் இங்கே வந்தது?" என்று கேட்டுக்கொண்டே நாலைந்து படி பின்னால் போங்கள். கட்டாயம் கடல் தாண்டிவிடுவீர்கள். உதாரணத்துக்கு, மதுரை சம்மட்டிபுரத்தில் யூசுப்கானின் அடக்கத்தலம் இருக்கிறது. மருதநாயகம் என்று நாம் சொல்கிறோமே, அவர்தான். பிரிட்டனும் பிரான்சும் உலகமெங்கும் மோதிய ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் மதுரைக் கோட்டைக்குள் பிரெஞ்சு வீரர்களையும் வைத்துக்கொண்டு கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்து நின்றார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்து, காலம். பிள்ளைகள் ஆண்டுகளைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாக அந்தரத்தில் தொங்குவதுதான். அவற்றை ஒரு கயிற்றில் தொங்கவிட்டால் பயம் போய்விடும். நிஜக் கயிற்றைத்தான் சொல்கிறேன். வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும். கிழித்த தாள்களைச் சேர்த்துவையுங்கள். ஒரு தாளின் பின்பக்கம் ஓர் ஆண்டு, ஒரு நிகழ்ச்சி. நம் பக்கத்து நிகழ்ச்சி என்றால் சிவப்பு மை, வெளியுலகம் என்றால் நீலம். துணி காயப்போடுகிற கிளிப்பை வைத்து, சுவரோரம் கட்டிய கொடியில் வரிசையாக மாட்டுங்கள். நடுவில் ஒன்று புதிதாகத் தெரிந்தால் இரண்டைத் தள்ளிவிட்டு மாட்டிக்கொள்ளலாம். நோட்டில் எழுதினால் அது முடியாது.

இப்படி மாட்டும்போது சில தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சிலிர்க்கிற ஆண்டு 1799. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஏறக்குறைய மூன்றரை வாரத்தில், நவம்பர் 9-ஆம் தேதி, பாரிசில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். நெப்போலியன் எகிப்தில் இறங்கியதிலிருந்தே, அவர் திப்புவோடு கைகோத்துவிடுவாரோ என்ற கவலை ஆங்கிலேயருக்கு இருந்தது. தெற்கில் அவர்கள் காட்டிய அவசரத்துக்கும் மூர்க்கத்துக்கும் பின்னால் அந்தக் கவலையும் இருந்தது என்று தெரிந்தால், பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் வேறு மாதிரி படிக்கும். ரோபஸ்பியர் அப்போதுதான் நம் வீட்டுக்குள் வருவார்.

மூன்றாவது, உலகப்படம். கடையில் கிடைக்கிற வெற்று வரைபடத்தில் புள்ளி வைப்பது தேர்வுக்கு. விடுமுறையில் சொந்தக் கையால் வரையுங்கள். கோணலாக வரட்டும், பரவாயில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன் தூத்துக்குடிப் பஞ்சு லண்டன் போன வழியை, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். பிறகு கால்வாய் வழியாக இழுத்துப் பாருங்கள். எகிப்தைப் பிடிக்க ஏன் அத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பதை அந்த விரல் சொல்லிவிடும்.

எதைப் படிப்பது? முதலில், உங்கள் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகங்களைத் தேடி எடுங்கள். புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி, இரண்டு உலகப் போர்கள் எல்லாம் அவற்றில் எளிய நடையில் இருக்கின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதென்றால் செல்போனிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளஸ் டூ பாடத்துக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரியாது. கைடை ஜூன் வரை கையால் தொடவேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் ஜவஹர்லால் நேரு. 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்ட் வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து, மகள் இந்திராவுக்கு 196 கடிதங்கள் எழுதினார். உலக வரலாறு முழுவதும் அவற்றில் இருக்கிறது. முதல் கடிதம் இந்திராவின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு எழுதியது. தமிழிலும் அந்த நூல் வந்திருக்கிறது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை, பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கடிதங்களை மட்டும் எடுங்கள். ஒரு தகப்பன் மகளிடம் பேசுகிற குரல் அது.

இன்னொருவர் வெ. சாமிநாத சர்மா. இவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். கிரீஸ், சீனா, ருஷ்யா என்று நாடு நாடாகத் தமிழில் எழுதிவைத்தவர். ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்தார். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்களோடு அவரும் மனைவியும் காடு மலை கடந்து இந்தியா வந்து சேர்ந்தார்கள். அதை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்ற நூலாக எழுதினார். இரண்டாம் உலகப் போர் பாடத்தைத் தொடுவதற்கு முன் அந்த நூலைப் படித்துவிடுங்கள்.

1942 என்றதும் எங்கள் ஊர் விமான நிலையம் நினைவுக்கு வருகிறது. தலைக்கு மேல் தினமும் விமானம் இறங்குகிறது. அந்தத் தளத்தை 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். போர் எங்கோ நடந்தது என்று சொல்ல அவனியாபுரத்துக்காரர்களுக்கு உரிமை இல்லை.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பெரியார் பஸ் நிலையம் போய் மாறிப் போகலாம். உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்து படிக்கலாம். வாரம் ஒரு நாள் போதும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. "சயின்ஸ் குரூப் கிடைக்கல, அதான் ஹிஸ்டரி" என்று பிள்ளையின் காதுபட உறவினர்களிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல் பிள்ளையின் மனதில் இரண்டு ஆண்டும் கிடக்கும். அதற்குப் பதிலாக, இரவு சாப்பிடும்போது "இன்னிக்கு என்ன படிச்ச, சொல்லு" என்று கேளுங்கள். ஒரு காரணத்தை அம்மாவுக்குப் புரியும்படி வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதைத் தேர்வுத் தாளில் தடையில்லாமல் எழுதிவிடும்.

நேற்று மாலை அந்த வாசல் வழியாகத் திரும்பினேன். கொடியில் பதினான்கு தாள் தொங்கியது. 1764, 1789, 1799, 1861, 1869, 1908... 1942 நீல மையில் இருந்தது. அவள் அம்மா பூக்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க ஆத்தாவோட அப்பா பர்மாவுல இருந்து நடந்தே வந்தாருன்னு சொல்லுவாங்க. அது இந்தத் தாளா?"

"இருக்கலாம்மா. ஆத்தா இருக்காங்களா?"

"உசிலம்பட்டியில அண்ணன் வீட்டுல இருக்காங்க. ஞாபகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு."

மகள் எழுந்து உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தாள். இன்னொரு கையில் வெற்றுத் தாளும் சிவப்புப் பேனாவும் இருந்தன.