அன்றாட வாழ்வே ஊக்கத்தின் ஊற்று

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊக்கம் எங்கே கிடைக்கும் என்னும் வினா இந்நாளில் பல இல்லங்களில் எழுகின்றது. தேர்வில் தவறிய மாணவனும், வேலையை இழந்த இளைஞனும், குடும்பப் பாரத்தால் சோர்ந்த தாயும் இவ்வினாவை எழுப்புகின்றனர். விடையைப் பலர் தொலைவிலே தேடுகின்றனர். பேரரசர்களின் வரலாற்றிலும், பெருஞ்செல்வர்களின் வாழ்க்கையிலும், கட்டணம் செலுத்திக் கேட்கும் தன்முனைப்புப் பயிலரங்குகளிலும் தேடுகின்றனர். அவற்றால் பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வீட்டு வாசலிலேயே சுரக்கும் ஊற்றைக் காணாமல் கடந்து செல்வோர் மிகப் பலர்.

திருவள்ளுவர் 'ஊக்கமுடைமை' என்னும் 60ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசரைப் பற்றிப் பேசும் அரசியல் பகுதியில் வைத்தார். எனினும் அது நாடாள்வோர்க்கு மட்டுமே உரிய உடைமையன்று. ஆள்வதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாத ஏழை மக்கள் அவ்வுடைமையை நிறையப் பெற்றிருந்தனர் என்பதற்கு இம்மலேசிய மண்ணிலேயே சான்று உண்டு. அச்சான்று பிரிக்பீல்ட்சில் ஒரு சாலையின் பெயராக நாள்தோறும் கண்ணெதிரே நிற்கின்றது.

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பிய வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்னும் ஆணை அதன்பின் பிறந்தது. சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. முன்னர் பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று அழைக்கப்பெற்ற அதன் முதன்மைச் சாலை, இன்று ஜாலான் துன் சம்பந்தன் என்று வழங்குகின்றது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய மோனோரயில் சேவையின் நிலையம் ஒன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. பூமாலை வாங்குவோரும், அலுவலகம் செல்வோரும், பள்ளிப் பிள்ளைகளும் அச்சாலையில் நடக்கின்றனர். அப்பெயர் எதை நினைவூட்டுகின்றது என்று நின்று கேட்போர் சிலரே.

துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவர், அமைச்சராகவும் பணியாற்றியவர். இவை யாவும் பெருமைக்கு உரியனவே. ஆயினும் இங்கே சொல்லப்பட வேண்டியது, அவர் எந்த மக்களின் கைகளை நம்பினார் என்பதே.

1950களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆய்ந்து நூலாக்கினார். துண்டான தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிள்ளைகள் பயின்ற தமிழ்ப் பள்ளிக்கும், முன்னோர் எழுப்பிய கோயிலுக்கும் ஊறு நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தி மரம் வளர்த்த மக்கள், மூட்டை முடிச்சுகளோடு சாலையில் நிற்கும் நிலை உண்டாயிற்று.

அந்நிலையில்தான் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் ஒவ்வொருவரும் மாதம் 10 வெள்ளி செலுத்துவது. பலர் பணம் ஒன்று சேர்ந்ததும் விலைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்குவது. வேலை செய்வோரே உரிமையாளராவது. இதுவே திட்டம். துன் சம்பந்தனும் அவருடன் உழைத்தோரும் தோட்டந்தோட்டமாகச் சென்று இதனை விளக்கினர்.

மாதம் 10 வெள்ளி என்பது இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் போதுமானதாகத் தோன்றலாம். ஒரு நாட்கூலி சில வெள்ளியாக இருந்த அக்காலத்தில் அது பல நாள் உழைப்பு. மழை பெய்தால் மரம் சீவ இயலாது; சீவாத நாளில் வருமானம் சுருங்கும். அரிசிக் கடன் ஒருபுறம், பிள்ளையின் பள்ளிச் செலவு மறுபுறம். கொடுத்த பணம் என்னவாகுமோ என்னும் ஐயமும் எழுவது இயல்பே. அவ்வளவையும் மீறி அம்மக்கள் கொடுத்தனர். அவர்களுக்கு அந்த ஊக்கம் எங்கிருந்து வந்தது?

அவர்களுடைய அன்றாடத் தொழிலைக் கண்டால் விடை விளங்கும். பொழுது புலருமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், இருளிலேயே மரத்தை அடைய வேண்டும். பட்டையை ஆழமாக வெட்டினால் கத்தி கட்டையில் பட்டு மரம் புண்ணாகும். அவ்விடத்தில் நல்ல பட்டை மீண்டும் வளராது. மேலோட்டமாகச் சீவினால் பால் வாராது. ஆகவே மிக மெல்லிய ஒரு சீவல் மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு மரம் தருவது ஒரு மங்குப் பால்தான். நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகச் சீவி, மீண்டும் ஒவ்வொன்றாகச் சென்று பாலைச் சேர்த்தால்தான் வாளி நிறையும். கையளவில் சிறியது, நாள்தோறும் தவறாமல் செய்தால் பெரிதாகும் என்பதை அத்தாய்மார்களுக்கு எவரும் மேடையேறிக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மரமே கற்பித்திருந்தது. மாதம் 10 வெள்ளி என்று கேட்டபோது, அது அவர்கள் அறிந்த கணக்காகவே இருந்தது.

அக்கணக்குப் பொய்க்கவில்லை. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் கட்டடமும் எழுந்தது. பால் வாளி சுமந்த கைகள் கொடுத்த பணமே அதற்கு அடித்தளம்.

இது தமிழர்க்கு மட்டும் வாய்த்த நெறியன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 எளிய மனிதர், அவர்களுள் நெசவாளர் பலர், சிறு தொகைகளைச் சேர்த்து ஒரு கடை திறந்தனர். மாவும், சர்க்கரையும், வெண்ணெயும் விற்ற அச்சிறு கடை உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டியாயிற்று. தோட்டத் துண்டாடலை ஆய்ந்த அதே உங்கு அசீஸ், ஹஜ் பயணம் செல்ல விரும்பும் கிராம மக்கள் சிறுகச் சிறுகச் சேமிப்பதற்குரிய திட்டத்தை 1959இல் முன்மொழிந்தார். 1963இல் தொடங்கப்பெற்ற அச்சேமிப்பு நிறுவனமே இன்றைய தாபோங் ஹாஜி. இனமும் சமயமும் வேறாயினும் பாடம் ஒன்றே.

கூட்டுறவுச் சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காத்துவிட்டது என்று சொல்வது உண்மையாகாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல பின்னாளில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அங்கே வாழ்ந்தோரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர், "எங்களுக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கின்றனர். வழிகாட்டி அதே வீட்டின் கூடத்தில், பழைய சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். பாட்டியின் கையில் உள்ள காய்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கேட்பார் இல்லாமல் போவதே பேரிழப்பு.

ஆகவே, இளைஞர்களே, இவ்விழா நாளில் ஒன்று செய்யுங்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் அமர்ந்து, அவர் விடியலில் எழுந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். பின்னர் உங்கள் வாழ்வில் நாள்தோறும் எடுக்கக்கூடிய 'மெல்லிய சீவல்' எது என்று தேர்ந்தெடுங்கள். அரைமணி நேரப் படிப்பாகலாம், சிறு சேமிப்பாகலாம், கைவிட்ட தொழிற்பயிற்சியைத் தொடர்வதாகலாம். ஆழமாக வெட்டி ஒரே நாளில் களைத்துப் போக வேண்டா. தவறாமல் சீவுங்கள்.

பிரிக்பீல்ட்சில் 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் உள்ளது. அவ்வட்டாரத்துச் சாலையில் வெள்ளைக் கோலைத் தட்டியவாறு பணிக்குச் செல்வோரை எந்நாளும் காணலாம். அவர்களுக்குச் சாலையின் மறுமுனை தெரிய வேண்டியதில்லை. அடுத்த அடி வைக்கும் இடம் தெரிந்தால் போதும். அவ்வாறே அவர்கள் உரிய நேரத்தில் பணியிடத்தை அடைகின்றனர்.

ஊக்கம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருப்போர் காத்துக்கொண்டே இருப்பர். நடப்பவருக்கே ஊக்கம் துணைக்கு வரும். அத்துணை எல்லா இல்லங்களிலும் நிலைபெற இறைவன் திருவருள் கூட்டுவதாக!

வாழ்க! வளர்க!