மணவிழாவும் மணவாழ்வும்



பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குத் திருமணம் என்பது இருவர் கூடுவது மட்டுமன்று. சிதறிய சுற்றமெல்லாம் ஓரிடத்தில் கூடுவதுமாகும். ஆகவேதான் விழாவில் ஒரு குறை நேரின் நம் நெஞ்சம் பொறுப்பதில்லை.

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் இரயில்கள் நின்றன. உள்நாட்டு விமானங்கள் மே 25-ஆம் நாள்தான் மீண்டும் பறந்தன. மே மாத விதிகளின்படி மணவிழாவிற்கு 50 பேருக்குமேல் கூடலாகாது. தாய்மாமன் வர இயலாத மணங்கள் எத்தனை! பாட்டி கைப்பேசித் திரையில் வாழ்த்திய மணங்கள் எத்தனை!

சிலப்பதிகாரத்தை எண்ணுவோம். யானைமீது மகளிரை ஏற்றிப் புகார் நகரறிய அறிவித்து, முத்துப்பந்தரின்கீழ் நடந்தது கோவலன் கண்ணகி திருமணம். அவ்விழாவில் குறையே இல்லை. ஆயினும் கோவலன் மாதவியிடம் சென்றான். பொருளிழந்து திரும்பியவனுக்குக் கண்ணகி தன் சிலம்பை ஈந்தாள். இருவரும் மதுரைக்கு நடந்தனர். அவர்தம் அன்பை நாம் காண்பது பந்தரிலன்று, அக்கரடுமுரடான வழியிலன்றோ!

ஊரடங்கில் மணந்தோரும் அத்தகைய வழியிலேயே இல்லறம் தொடங்கினர். ஊதியம் குறைந்தபோது ஒருவர் வருவாயில் இருவர் உண்டனர். ஒருவர் நோயுற்றால் மற்றவர் கஞ்சி காய்ச்சினர். ஆரவாரமற்ற அவ்வன்பே நிலைப்பது.

ஆகவே, மேளம் பிந்தியதையும் விருந்து குறைந்ததையும் ஆண்டுதோறும் சொல்லிக்காட்டுவதை விடுவோம். உற்றார் தொலைவிலுள்ள இந்நகரில் இளந்தம்பதியர்க்குத் துன்பம் நேரும்போது, முதலில் அவர்கள் கதவைத் தட்டுவோர் நாமாக இருப்போம்.